மீட்டருக்குத் திசை தெரியாது

போன வாரம் கரமனைப் பக்கம் ஒரு வேலையாக வந்தவள், கிட்டாருக்குப் பிக்அப் செய்கிற நம் பட்டறைக்குள் எட்டிப் பார்த்தேன். காயிலுக்குக் கம்பி சுற்றும் அறையில் மின்விசிறி ஓடிக்கொண்டிருந்தது. நான் ஒன்றும் சொல்லவில்லை. ஓய்வு பெற்றுப் போனவள் வாயைத் திறந்தால், நீங்கள் ஒருவரையொருவர் பார்த்துக் கண்ணாலேயே "சேச்சி தொடங்கியாச்சு" என்று சொல்லிக்கொள்வீர்கள் என்பது எனக்குத் தெரியும். என் காலத்தில் நானும் அதைத்தான் செய்தேன். அதனால் நீங்கள் கொடுத்த டீயைக் குடித்துவிட்டு வீட்டுக்கு வந்து, ஆத்திரம் தீர இதை எழுத உட்கார்ந்திருக்கிறேன்.

முதலில் அந்த மின்விசிறியை நிறுத்துங்கள். நம் விரல் நடுவில் ஓடுகிற செம்புக் கம்பி தலைமுடியை விட மெல்லியது. காற்றில் அது ஆடும். ஆடினால் இழுவை மாறும். மாறினால் அறுந்துபோகும், அல்லது அறாமல் தொளதொளவென்று சுற்றிக்கொண்டு, பிறகு கிட்டாருக்குள் இருந்து கீச்சிடும். வியர்க்கிறது என்பீர்கள். வியர்க்கட்டும். அந்த வியர்வைக் கையோடு மட்டும் கம்பியைத் தொடாதீர்கள். மதியம் மீன்கறியும் மரச்சீனியும் சாப்பிட்டுவிட்டுக் கையைச் சேலையில் துடைத்துக்கொண்டு வந்து உட்கார்ந்தால், அந்த உப்பு காயிலுக்குள் குடியேறிவிடும். ஒரு மழைக்காலம் கழித்து யாரோ ஒருவன் ஊமைக் கிட்டாரோடு வந்து நிற்பான். கிட்டாரை ஒழுங்காகப் பார்த்துக்கொள்ளவில்லை என்று நீங்கள் அவனையே திட்டி அனுப்புவீர்கள்.

உங்களில் ஒருவர், பெயரைச் சொல்ல மாட்டேன், வேலைக்குச் சேர வந்த அன்று பிக்அப்பை வாயருகே வைத்து "ஹலோ, ஹலோ" என்று பேசிப் பார்த்தாராம். அது மைக் இல்லை, மக்கா. உள்ளே காந்தம் இருக்கிறது. காந்தத்தைச் சுற்றி ஆயிரக்கணக்கான சுற்றுகளாகக் கம்பி. மேலே எஃகுத் தந்தி. காந்தத்தின் பக்கத்திலேயே இருப்பதால் தந்திக்கும் கொஞ்சம் காந்தம் ஏறிவிடுகிறது. மீட்டினால் அது ஆடுகிறது. அந்த ஆட்டத்தைக் காயில் கண்டுபிடித்துச் சிறு மின்சாரமாக்கி ஆம்ப்ளிஃபயருக்கு அனுப்புகிறது. அதனால்தான் தந்தி எஃகாக இருக்க வேண்டும். நைலான் தந்தி போட்ட கிட்டாரில் நம் பிக்அப்பை மாட்டிவிட்டு, சத்தமே வரவில்லை என்று சண்டைக்கு வந்த கழக்கூட்டத்து சாஃப்ட்வேர் பையன் ஒருவனை எனக்குத் தெரியும். தப்பு தன்னுடையது என்று தெரிந்த பிறகும் அவன் அரை மணி நேரம் சண்டையை விடவில்லை. நன்றாகப் படித்தவன், பாதியில் நிறுத்தத் தெரியாது.

இதெல்லாம் யாராவது சொல்லித்தந்துவிடுவார்கள். எல்லாம் கைமீறிப் போகிற நேரத்தில் எதைத் தொடக்கூடாது என்பதை மட்டும் யாரும் சொல்லித்தர மாட்டார்கள். அதற்கு உங்களுக்கு ஜெரோமின் விஷயத்தைச் சொல்ல வேண்டும்.

ஜெரோம் கோவளத்தில் ஒரு ஹோட்டலில் ராத்திரிச் சாப்பாட்டு வேளையில் கிட்டார் வாசிப்பவன். கன்னியாகுமரிப் பக்கத்திலிருந்து வந்து இங்கேயே குடும்பமாகிவிட்டவன். வீட்டில் அம்மா, மனைவி, பள்ளிக்கூடம் போகிற இரண்டு பெண்கள். அந்த ஹோட்டல்காரர்களுக்கு ஒருநாள் ஞானம் பிறந்தது. மனிதர்களை நிறுத்திவிட்டுச் சுவரில் ஸ்பீக்கரை மாட்டிப் பாட்டுப் போட்டால் யாருக்கும் வித்தியாசம் தெரியாது என்று கண்டுபிடித்தார்கள். மாதக் கடைசியோடு ஜெரோமுக்கு வேலை இல்லை. நல்லவேளையாக, உல்லாசக் கப்பல் கம்பெனி ஒன்று வாத்தியக்காரர்களைத் தேர்ந்தெடுக்கத் திருவனந்தபுரத்துக்கு வந்தது. அவர்களிடம் வயது வரம்பு உண்டு. அடுத்த தடவை வரும்போது ஜெரோம் அதைத் தாண்டியிருப்பான். ஆக, இது ஒன்றுதான் வாய்ப்பு.

அவன் கிட்டாரில் இரண்டு பிக்அப், இரண்டும் முன்பு நம் பட்டறையிலேயே சுற்றியவை. கழுத்துப் பக்கம் இருந்தது கடல்காற்றில் பச்சை பிடித்துச் செத்துப்போயிருந்தது. அதை நம் பட்டறையில் புதிதாகச் சுற்றிக் கொடுத்தோம். சுற்றியது செல்வி. அப்போது அவள் சேர்ந்து அதிக நாள் ஆகவில்லை. போனக்காட்டுத் தேயிலைத் தோட்டத்திலிருந்து மலையிறங்கி வந்த பெண். அவள் விரலில் கம்பி அறுந்து நான் பார்த்ததே அபூர்வம். சுற்றி முடித்து, மெழுகில் முக்கி, உலோக மூடி போட்டு என்னிடம் தந்தாள். மீட்டர் வைத்துப் பார்த்தது நான். அளவு கச்சிதமாக இருந்தது. அனுப்பிவிட்டோம்.

தேர்வு அன்று காலை பத்து மணிக்கு ஜெரோம் பட்டறை வாசலில் நின்றான். புதுக் கறுப்புப் பேன்ட், இஸ்திரி போட்ட வெள்ளைச் சட்டை, முகத்தில் ரத்தமே இல்லை.

"பகவதிச் சேச்சி, தனித்தனியா வெச்சா ரெண்டும் நல்லா பேசுது. ரெண்டையும் சேத்து வெச்சா ஜலதோஷம் பிடிச்சவன் கணக்கா மூக்கால பேசுதே. மூணு மணிக்காக்கும் டெஸ்டு."

வாசிக்கச் சொன்னேன். சரியாகத்தான் சொன்னான். சுவிட்சை நடுவில் வைத்து இரண்டு பிக்அப்பும் சேர்ந்து ஒலித்தபோது கீழ்ச்சுருதியெல்லாம் காணாமல் போய், மெலிந்த மூக்கொலி மட்டும் மிச்சமிருந்தது. ஜெரோமின் வாசிப்பு முழுவதும் அந்த நடு இடத்தில்தான். அது இல்லாவிட்டால் அவன் பாதி ஜெரோம்.

என்ன நடந்தது என்று எனக்கு உடனே தெரிந்துவிட்டது. இரண்டு பேர் ஒரே ஊஞ்சலை எதிரெதிரே நின்று ஒரே நேரத்தில் தள்ளினால் என்ன ஆகும்? ஊஞ்சல் நின்ற இடத்தில் நிற்கும். ஒரு காயில் இந்தப் பக்கமும் மற்றது எதிர்ப்பக்கமும் சுற்றியிருந்தால் அப்படித்தான். மீட்டர் கம்பியின் அளவைச் சொல்லும், அறுந்திருக்கிறதா என்று சொல்லும். மீட்டருக்குத் திசை தெரியாது. ஆனால் நம் பட்டறையில் எல்லா மெஷினும் ஒரே பக்கமாகத்தானே சுற்றும்? எதிர்ப்பக்கம் எப்படிப் போனது?

நான் திரும்பிப் பார்ப்பதற்குள் செல்வி எழுந்து வந்துவிட்டாள்.

"அக்கா, என் மெஷினை நான் திருப்பிப் போட்டுட்டேன்."

"எப்போ?"

"சேந்த அன்னிக்கே. எனக்கு எடது கைதான் வழங்கும். மெஷினு நேரா இருந்தா கம்பி கையில நிக்க மாட்டேங்குது. அதான் திருப்பிப் போட்டு, மோட்டாரையும் பின்னாக்க ஓடவிட்டேன். சுத்து எந்தப் பக்கம் போனா என்னன்னு நெனச்சேன்."

மெஷின் திரும்பியிருந்ததை நாங்கள் எல்லோரும் பார்த்திருந்தோம். ஜன்னல் வெளிச்சத்துக்காகத் திருப்பியிருக்கிறாள் என்று நினைத்தோம். அதுவரை அவள் சுற்றியதெல்லாம் ஜோடி ஜோடியாகப் போனதால் இரண்டும் ஒரே பக்கமாக இருந்து ஒத்துப்போய்விட்டது. பழைய பிக்அப்புக்குத் துணையாக ஒற்றைக் காயில் சுற்றியது இதுதான் முதல் தடவை.

முதலாளி ஓடி வந்தார். நல்ல மனிதர், ஆனால் பதற்றம் வந்தால் எதையாவது செய்துவிட வேண்டும் அவருக்கு. "பேடிக்கண்டா ஜெரோமே, மூடியைத் திறந்து ரெண்டு வயரையும் தலைமாத்தி வெச்சா தீர்ந்நு" என்று அவனுக்குத் தைரியம் சொன்னார். சொல்லிக்கொண்டே ஸ்க்ரூ டிரைவரை எடுத்தார். அதே மூச்சில் செல்வியைப் பார்த்து, "இனி யாரும் மெஷினைத் திருப்பி விளையாடக் கூடாது, கேட்டோ. எல்லாம் நேரே இருக்கணும்" என்றார்.

நான் அவர் கையிலிருந்து ஸ்க்ரூ டிரைவரை வாங்கி என் மடியில் செருகிக்கொண்டு, எல்லோருக்கும் டீ வரவழைத்தேன்.

ஜெரோம் என்னை அடிக்காத குறை. "சேச்சி, என் வாழ்க்கை போயிட்டிருக்கு, நீங்க டீ குடிக்கீங்க."

"உன் வாழ்க்கை எங்கயும் போகல மக்கா. நடுங்குத கையோட எவனாவது அந்தக் கம்பியைத் தொட்டாம்னா அப்பம்தான் போகும். குடி."

வயரை மாற்றி வைப்பது கேட்பதற்குச் சுலபம். ஆனால் காயிலின் ஒரு முனை உலோக மூடியோடு சேர்ந்திருக்கிறது. அதை முதலில் பிரிக்க வேண்டும். அந்த முனையோ முடியைவிட மெல்லியது, மெழுகுக்குள் புதைந்து கிடக்கிறது. அறுந்தால் மறுபடி முழுக்கச் சுற்ற வேண்டும். சுற்றி, மெழுகு ஆறி, மாட்டுவதற்குள் சாயங்காலம் ஆகிவிடும். கப்பல்காரர்கள் போயிருப்பார்கள். கம்பியைத் தொடாமல் செய்ய ஏதாவது இருக்கிறதா? டீ குடித்துக்கொண்டே அதைத்தான் யோசித்தேன்.

இருந்தது. ஓசையின் திசையைத் தீர்மானிப்பவர்கள் இரண்டு பேர். கம்பி சுற்றிய பக்கம் ஒன்று, காந்தத்தின் முகம் இன்னொன்று. இரண்டில் எதைப் புரட்டினாலும் போதும். கம்பியைத் தொட முடியாது. காந்தத்தைப் புரட்டலாம்.

பெஞ்சு மூலையில் ஓர் இடுக்கி இருக்கிறதே, இடைவெளி விட்டு இரண்டு பலமான காந்தங்களைப் பொருத்தியது, புதுப் பிக்அப்புக்குக் காந்தம் ஏற்றுவதற்கு, அதுதான். வழக்கமாக ஏற்றும் பக்கத்துக்கு எதிராகப் பிக்அப்பைத் திருப்பி அந்த இடைவெளி வழியாக ஒருமுறை இழுத்தால் உள்ளே இருக்கும் காந்தத்தின் வடக்கும் தெற்கும் இடம் மாறிவிடும். மூடியைத் திறக்க வேண்டியதே இல்லை. ஒரே ஆபத்து, அந்தக் காந்தங்கள் பசித்த நாய் போல. இழுக்கிற கை கொஞ்சம் தயங்கினாலும் பிக்அப்பைக் கவ்வி ஒரு பக்கமாக அறைந்துவிடும். காயில் அத்தோடு காலி.

யார் இழுப்பது? டீ வரவழைத்ததற்கு இன்னொரு காரணமும் உண்டு, அதை இப்போது சொல்கிறேன். யார் கையில் கிளாஸ் ஆடுகிறது என்று பார்த்துக்கொண்டிருந்தேன். ஜெரோமின் வெள்ளைச் சட்டையில் ஏற்கெனவே ஒரு சொட்டு. முதலாளியின் கிளாஸ் தட்டில் தந்தியடித்தது. என் கையும் சுத்தமில்லை, லேசாக ஆடியது. செல்வியின் கிளாஸ் மட்டும் அசையவில்லை. கண் கலங்கியிருந்தது, கை கல்லாக இருந்தது.

"செல்வி இழுக்கட்டும்" என்றேன்.

முதலாளி என்னை ஓரமாகக் கூப்பிட்டார். "அவளாணு இதைக் கெடுத்தது, பகவதி."

"அவ கெடுக்கல சார். அவ சுத்தினது நல்லாத்தான் இருக்கு. உங்க கையைப் பாருங்க, என் கையைப் பாருங்க, அவ கையைப் பாருங்க." அவர் தன் கையைப் பார்த்தார். பிறகு அதைப் பைக்குள் விட்டுக்கொண்டார்.

தந்திகளைத் தளர்த்திப் பிக்அப்பை வெளியே எடுத்தோம். அதன் வயர் கிட்டாரோடு இணைந்திருந்ததால் கிட்டாரையும் பக்கத்திலேயே ஒருவர் தூக்கிப் பிடிக்க வேண்டும். ஜெரோம் தன் கிட்டாரை வேறு யாரிடமும் தர மாட்டேன் என்றான். சரி என்று அவனை இடுக்கியருகே நிறுத்தியதும் அவன் பெல்ட்டின் பக்கிள் காந்தத்தை நோக்கிப் போயிற்று, பின்னாலேயே ஜெரோமும் போனான். பெல்ட்டைக் கழற்றச் சொன்னேன். புதுப் பேன்ட் இடுப்பில் தொளதொளவென்று இருந்தது. கடைசியில் ஒரு கையால் கிட்டாரையும் மறுகையால் பேன்ட்டையும் பிடித்துக்கொண்டு, கண்ணை மூடி மாதாவைக் கூப்பிட்டபடி நின்றான். அந்தக் கோலத்தை நினைத்தால் எனக்கு இன்றைக்கும் சிரிப்பு வருகிறது. அன்றைக்கு யாருக்கும் வரவில்லை.

செல்வி இடது கையால் பிக்அப்பைப் பிடித்தாள். ஒருமுறை மூச்சை இழுத்தாள். இடைவெளிக்குள் விட்டு, நிற்காமல், அவசரப்படாமல் ஒரே இழுப்பு. முடிந்தது. திசைகாட்டியைப் பக்கத்தில் வைத்தேன். முள் மறுபக்கம் திரும்பியது. மாட்டி, தந்தியை முறுக்கி, சுவிட்சை நடுவில் வைத்து ஜெரோம் மீட்டினான். வயிற்றில் வந்து உட்காருகிற மாதிரி முழு ஓசை.

அவன் கிளம்பும்போது ஒன்று மட்டும் சொன்னேன். "சுவிட்சு நடுவுலயே இருக்கட்டும். என்ன வந்தாலும் தொடாதே." ஏன் என்று விளக்க நேரமில்லை. முதலாளி என்னையும் அவனோடு காரில் ஏற்றிவிட்டார். என் பைக்குள் சால்டரிங் அயர்ன், ஈயம், ஒரு டப்பா சுண்டல். பாதி வழியில்தான் பெல்ட் பட்டறையிலேயே கிடக்கிறது என்று தெரிந்தது. திரும்பிப் போக நேரமில்லை.

தேர்வு நடந்த ஹோட்டலின் மண்டபம் முழுக்க அலங்கார விளக்குகள், வெளிச்சத்தைக் கூட்டிக் குறைக்கிற வகை. உள்ளே நுழைந்ததும் நான் முதலில் பார்த்தது அவற்றைத்தான். அந்த மாதிரி விளக்குகள் இருக்கும் இடத்தில் பிக்அப் காயில்கள் விளக்கின் மின்சாரத்தையும் பிடித்து 'ம்ம்ம்' என்று இரையும். ஜெரோமுக்கு முன்னால் வாசித்த எல்லோருடைய கிட்டாரும் இரைந்தது. கொச்சியிலிருந்து ஒருவன் வெளிநாட்டுக் கிட்டாரோடு வந்திருந்தான். அருமையாக வாசித்தான். ஆனால் இரண்டு பாட்டுக்கு நடுவில் மண்டபத்தில் கொசுப்படை புகுந்த மாதிரி இருந்தது. கப்பல் கம்பெனியிலிருந்து வந்த அம்மாள் நெற்றியைத் தடவிக்கொண்டார். கப்பலில் சாப்பாட்டு மேஜைக்குப் பக்கத்தில் நின்று மெதுவாக வாசிக்க வேண்டிய வேலை அது. இரைச்சல் அங்கே ஆகாது.

ஜெரோம் மேடையேறினான். பேன்ட் நழுவாமலிருக்கக் கிட்டாரை இடுப்போடு அழுத்திப் பிடித்துக்கொண்டு ஆணி அடித்த மாதிரி நின்றான். வயரைச் செருகினான். ஒரு சத்தமும் இல்லை. அந்த அம்மாள், கிட்டாரை ஆன் செய்தாயிற்றா என்று கேட்டார். பதிலுக்கு அவன் வாசித்தான்.

விஷயம் இதுதான், நன்றாக மனதில் வைத்துக்கொள்ளுங்கள். இரைச்சலுக்குக் காந்தம் வேண்டாம், கம்பி மட்டும் போதும். தந்தியின் ஓசைக்குக் கம்பியும் வேண்டும், காந்தமும் வேண்டும். செல்வி கம்பியைப் புரட்டியிருந்தாள், நாங்கள் காந்தத்தையும் புரட்டினோம். இரண்டும் புரண்டதால் தந்தியின் ஓசை மற்ற பிக்அப்போடு ஒத்துப்போனது. இரைச்சலுக்குப் புரண்டது ஒன்றே ஒன்றுதான், அதனால் ஒரு காயிலின் இரைச்சலை மற்றது அடித்து அழித்துவிட்டது. முதலாளி சொன்னபடி வயரை மாற்றியிருந்தால் ஓசை சரியாகியிருக்கும், ஆனால் இந்த அமைதி கிடைத்திருக்காது.

நடுவில் பழக்கதோஷம், ஜெரோமின் கை தனி வாசிப்புக்காகச் சுவிட்சைத் தட்டிவிட்டது. உடனே கொசுப்படை வந்தது. எனக்கு உயிர் போய் வந்தது. அவன் என்னைப் பார்த்தான். நான் சுண்டல் டப்பாவை மடியில் வைத்துக்கொண்டு, வேண்டாம் என்று தலையை ஆட்டினேன். அவன் சுவிட்சைத் திரும்ப நடுவுக்குத் தள்ளினான், அமைதி. அந்த அம்மாள் நிமிர்ந்து உட்கார்ந்தார். இன்னும் மெதுவாக வாசிக்கச் சொன்னார். அதற்கும் மெதுவாக. பேசிக்கொண்டிருந்தவர்கள் பேச்சை நிறுத்திவிட்டுக் கேட்கிற அளவு மெதுவாக ஜெரோம் வாசித்தான். முடித்ததும் அவர் கேட்டது ஒன்றே ஒன்று, பாஸ்போர்ட் தயாராக இருக்கிறதா என்று.

வெளியே வந்து ஜெரோம் காரில் சாய்ந்து நின்று அழுதான், ஒரு கையால் பேன்ட்டைப் பிடித்துக்கொண்டே. நான் டப்பாவைத் திறந்து சுண்டலைக் கொடுத்தேன். அவன் வீட்டுக்குப் போன் போட்டான். நான் பஸ் பிடித்துப் பட்டறைக்குத் திரும்பினேன்.

முதலாளி வெளியே போயிருந்தார். செல்வி மட்டும் இருந்தாள். அவள் மெஷின் மற்ற மெஷின்களைப் போல நேராக வைக்கப்பட்டிருந்தது. அவள் அதன் முன்னால் உட்கார்ந்து வலது கையால் கம்பியைப் பிடித்துச் சுற்றிக்கொண்டிருந்தாள். காலடியில் அறுந்த கம்பி சலூன் கடைத் தரையில் முடி கிடப்பதைப் போலக் குவிந்து கிடந்தது. நாங்கள் கிளம்பியதிலிருந்து அதைத்தான் செய்துகொண்டிருந்திருக்கிறாள்.

"கிடைச்சுதா அக்கா?"

"பாஸ்போர்ட் இருக்கான்னு கேட்டாங்க."

அவள் முகம் மலர்ந்தது. பிறகு குனிந்து மறுபடி கம்பியை எடுத்தாள். அது மறுபடி அறுந்தது.

"பழகிருவேன் அக்கா. பள்ளிக்கூடத்துல வலது கையால எழுதப் பழகினேன்லா, அதே மாதிரி இதுவும் வந்துரும்."

ஜெரோமுக்குக் கப்பல் வேலை வாங்கித் தந்த அவளுடைய இடது கை மடியில் சும்மா கிடந்தது.

"செல்வி, மெஷினைத் திருப்பிப் போடு."

"முதலாளி நேரா வைக்கச் சொன்னாரே அக்கா."

"முதலாளி கம்பி சுத்துத அன்னிக்கு நேரா வெச்சுக்கிடலாம். காயிலுக்கு அடியில சுத்தின பக்கத்தைக் காட்டி ஒரு அம்புக்குறி போடணும்னு எங்களுக்குத் தோணல பாத்தியா, அதாக்கும் தப்பு. இனி போடுவோம். நீ சுத்தினதுல ஒரு சுத்துகூட தப்பில்ல."

அவள் கையிலிருந்த கம்பியைக் கீழே வைத்தாள். பிறகு இடது கையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு எழுந்து மெஷினின் ஒரு முனையைப் பிடித்தாள். மறுமுனையை நான் பிடித்தேன்.